ஒற்றைக் கொம்பு நந்தி

திருவொற்றியூர்,
வெள்ளி இரவு.

அன்புள்ள கடைசி பெஞ்சுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன் என்றிருக்கிறாய். நானும் அதே காரணத்துக்காகத்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. விரல் நுனியெல்லாம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. பேனா கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்து எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் உன் அண்ணி விஷயம். மார்பில் கட்டி தட்டுப்பட்டு மூன்று மாதம் ஆகிறது, வலியில்லை, ஜெபத்திலேயே கரைந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கிறார் என்கிறாய். எனக்கும் வலி இல்லையடி. வலித்திருந்தால் முதல் வாரமே ஓடியிருப்பேன். வலிக்காததுதான் வம்பே. உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்ட பிறகு நான் நேரே டாக்டரிடம் போகவில்லை. நாற்பத்தெட்டு நாள் வடிவுடையம்மனைச் சுற்றினேன். வீட்டில் இவரிடம்கூடச் சொல்லவில்லை. நாற்பத்தெட்டாவது நாள் தொட்டுப் பார்த்தேன், முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. அதனால் உன் அண்ணியைத் திட்டும் யோக்கியதை எனக்குக் கிடையாது. அவர் பயந்துபோயிருக்கிறார், அந்தப் பயத்துக்கு ஜெபம் என்று பெயர் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். நான் வேண்டுதல் என்று வைத்திருந்தேன்.

அடுத்தது நீ கேட்ட கேள்வி. 'சாமி மேல் உனக்குக் கோபமே வரவில்லையா? இப்போது என்ன கேட்டுக் கும்பிடுகிறாய்?' இதற்குத்தான் மூன்று நாளாக யோசித்தேன்.

சிகிச்சைக் கதையை நீட்டவில்லை. ஆபரேஷன், அப்புறம் இருபத்தொரு நாளுக்கு ஒன்றாக நாலு கீமோ, அதற்குப் பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு, கடைசியில் பதினைந்து நாள் கரண்ட், அதுதான் கதிர்வீச்சு. இனி ஐந்து வருஷத்துக்குத் தினம் ஒரு மாத்திரை. முதல் நாலும் சர்பத் நிறத்தில் சிவப்பு மருந்து. அன்றைக்கு ஒன்றுக்குப் போனாலும் சிவப்பாகத்தான் போகும். நர்ஸ் முன்னாடியே சொல்லி வைத்திருக்காவிட்டால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் அந்த நாட்களில் குடல் வெளியே வந்துவிடும். நாக்கில் எது வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது மாதிரி இருக்கும். இதெல்லாம் போய்விட்டது. முடிகூட வந்துவிட்டது, சுருட்டை சுருட்டையாக. பெர்ம் பண்ணினாயா என்று எதிர்வீட்டுப் பெண் கேட்கிறாள்.

போகாமல் இருப்பது இந்த மரமரப்புதான். அந்தப் பன்னிரண்டு வார மருந்து நரம்பைப் பிடிக்கும், மெதுவாகத்தான் விடும், சிலருக்கு முழுசாக விடாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். தேரடியில் காய் வாங்கிக்கொண்டு வருகிறேன், ஒரு பையன் பின்னாலேயே ஓடி வந்து, "ஆயா, உன் செருப்பு" என்று நீட்டுகிறான். இடது கால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, பாதி தெரு வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. அவன் ஆயா என்றதுதான் அன்றைக்கு ரொம்ப வலித்தது, அது வேறு விஷயம். தையல் மெஷினில் உட்கார்ந்தால் துணியில் ரத்தப் பொட்டு பார்த்த பிறகுதான் ஊசி குத்தியதே புரியும். கோயில் பிரகாரத்தில் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு சுற்றக் கூடாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை விரதமும் கட். ரத்த அணுக்கள் குறைந்திருந்த மாதங்களில் கோயில் கூட்டமே ஆகாது என்றார்கள். தீர்த்தம் கொண்டுவந்தால் தலையில் தெளித்துக்கொள்வதோடு சரி. யோசித்துப் பார், நான் பக்தி என்று செய்துகொண்டிருந்த ஒவ்வொன்றையும் டாக்டர் பேனாவால் அடித்துவிட்டார். சுற்றுவது, பட்டினி கிடப்பது, கூட்டத்தில் இடிபட்டு தீபாராதனை பார்ப்பது எல்லாம் போய், வெறும் நானும் அம்மனும்தான் மிச்சம்.

மற்றவர்கள் பக்தி மட்டும் குறையவில்லை. என் கட்டில் பக்கத்து ஸ்டூலில் வடிவுடையம்மன் குங்குமம், அடுத்த சந்து பாய் வீட்டம்மா ஓதிக் கொண்டுவந்த தண்ணீர், மாடி வீட்டு டீச்சர் பெரம்பூர் லூர்து மாதா கோயிலிலிருந்து வாங்கி வந்த எண்ணெய், எல்லாம் வரிசையாக இருந்தன. நம் வடசென்னையில் நோயாளி வீட்டு ஸ்டூல் இப்படித்தானே இருக்கும். அவர்கள் யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. வைத்துவிட்டு, கஞ்சி குடித்தாயா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். விளக்கம் சொன்னதெல்லாம் சொந்தக்காரர்கள்தான். இவர் பக்கத்து உறவு ஒருவர் வந்து, போன ஜென்மத்துப் பாக்கி, ஒரு பரிகாரம் இருக்கிறது, பதினைந்தாயிரம் ஆகும் என்றார். நான் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இவர்தான் எழுந்து, "காபி ஆறிடுச்சு, கிளம்புங்க" என்றார். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் இவர் பேசிய நல்ல வசனம் அது ஒன்றுதான்.

நீயும் ஒரு வரி எழுதியிருக்கிறாய், கோபித்துக்கொள்ளாதே. 'உன் விசுவாசம்தான் உன்னைக் குணமாக்கியது' என்று. அன்பாகத்தான் எழுதியிருக்கிறாய், தெரியும். ஆனால் அந்த வரியை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. கரண்ட் வைக்க வரிசையில் உட்காருவோமே, அங்கே என் பக்கத்து நாற்காலி காசிமேட்டு அக்கா ஒருத்தி. மீன் வியாபாரம். ஏலத்துக்கு விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பிப் பழகினவள், அதனால் எங்களுக்கெல்லாம் முன்னாடி வந்து இடம் பிடித்து வைப்பாள். கழுத்தில் ஜெபமாலை. என்னைவிடப் பத்து மடங்கு நம்பிக்கைக்காரி. "மாதா பாத்துப்பா, நீ இட்லி சாப்பிடு" என்று அவள் டப்பாவை என் பக்கம் தள்ளுவாள். போன பங்குனியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்லீரலுக்குப் பரவிவிட்டது. விசுவாசம்தான் என்னைக் காப்பாற்றியது என்றால், அவளுடையதில் என்ன குறை? நான் பிழைத்தது ஆபரேஷனாலும் மருந்தாலும், என் கட்டி எந்த ரகம், எந்தக் கட்டத்தில் பிடித்தார்கள் என்பதாலும். இதைச் சொல்வதால் அம்மனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அவள் போன செய்தி வந்த அன்றைக்குத்தான் கோபம் வந்தது. எனக்கு நோய் வந்தபோதுகூட வராத கோபம். ஒரு மாதம் விளக்கேற்றவில்லை. சன்னிதித் தெரு வழியாகப் போக நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். எதிர்வீட்டுக்காரியோடு சண்டை போட்டால் போவோமே, அந்த மாதிரி.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர், பூண்டி வரைக்கும் போய் வரலாம், காற்றாட இருக்கும் என்றார். ஏரி பார்க்கத்தான் போனோம். திருவள்ளூர் வரை ரயில், அங்கிருந்து பஸ். அங்கே ஊன்றீஸ்வரர் கோயில் இருப்பது நினைவிலேயே இல்லை. சுந்தரர் கதை உனக்குத் தெரியும், நம் ஊர் மகிழ மரத்தடியில் சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு, திருவாரூர் ஞாபகம் வந்து கிளம்பி, ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடும். பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டோமே, நீதானே மரம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நாம் நாடகத்தில் போடவில்லை. தட்டுத் தடுமாறி வெண்பாக்கம் கோயிலுக்கு வந்து, கோயிலில்தான் இருக்கிறாயா என்று கேட்கிறார். உள்ளேயிருந்து பதில் வருகிறது, 'உளோம், போகீர்' என்று. அவ்வளவுதான். இருக்கிறேன், நீ போ. கண் கொடுக்கவில்லை, ஒரு ஊன்றுகோல் கொடுக்கிறார். அந்த வெண்பாக்கம்தான் பூண்டி. 1944-இல் நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது, கோயிலை மட்டும் இந்தப் பக்கம் பெயர்த்துக் கட்டியிருக்கிறார்கள். நாம் குழாயில் பிடித்துக் குடித்து வளர்ந்த தண்ணீரடி அது. அதே கொசஸ்தலை ஆறுதான் கடைசியில் நம் எண்ணூரில் வந்து கடலில் விழுகிறது.

உள்ளே போனால் நந்திக்கு ஒரு கொம்பு உடைந்திருக்கிறது. குருக்களிடம் கேட்டேன். கண்ணைக் கேட்டால் கோலைக் கொடுக்கிறாயா என்று கோபத்தில் சுந்தரர் அதை வீசியடித்தாராம், அது நந்தி மேல் பட்டு உடைந்ததாம். சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் கற்பூரம் ஏற்றப் போய்விட்டார். எனக்குத்தான் அங்கேயிருந்து நகர முடியவில்லை. வீசியடித்தவரை யாரும் தள்ளி வைக்கவில்லை. உடைந்த கொம்பையும் யாரும் ஒட்டி மறைக்கவில்லை, கல்லில் அப்படியே வைத்துப் பூ சாத்துகிறார்கள். நான் ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டதெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்? அங்கேயே தூண் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காசிமேட்டு அக்காவுக்காக அழுதேன். இவர் ஒன்றும் கேட்காமல் பிரசாதப் புளியோதரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கண் வந்தது எப்படி என்பதையும் பார். காஞ்சிபுரம் போன பிறகு இடது கண், திருவாரூர் போன பிறகு வலது கண். தவணை முறையில்தான். நடுவில் உள்ள வழியெல்லாம் கோலை ஊன்றிக்கொண்டு அவரேதான் நடந்தார். வெண்பாக்கத்தைவிட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை உன் அண்ணியிடம் சொல்ல முடியாது, அவருக்குச் சுந்தரர் யாரோ. ஆனால் சிஸ்டர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்த பைபிள் கதை எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிறவிக் குருடன் ஒருவனின் கண்ணில் இயேசு சேற்றைப் பூசுவாரே, பூசியதோடு விடவில்லையே, நீ போய் சீலோவாம் குளத்தில் கழுவு என்று அனுப்பினார். அவன் போனான், கழுவினான், பார்வை வந்தது. அங்கேயும் 'போ'தான். உங்கள் லூக்காவே வைத்தியர்தானே. அண்ணியிடம் இதைச் சொல்லிப் பார். ஜெபத்தை நிறுத்தச் சொல்லாதே, சொன்னால் கதவைச் சாத்திக்கொள்வார். ஜெபம் பண்ணிக்கொண்டே ஸ்கேனுக்குப் போகலாம், ஊசியில் சதை எடுக்கும்போதும் ஜெபம் பண்ணலாம். நான் ஸ்கேன் மெஷினுக்குள் படுத்துக்கொண்டு பண்ணாத வேண்டுதலா?

நான் இப்போது என்ன கேட்டுக் கும்பிடுகிறேன் என்றாய். திரும்ப வரக் கூடாது என்று கேட்பதை விட்டுவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை செக்கப். அதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே தூக்கம் வராது, இடுப்பு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ என்று நினைப்பேன், வாயுப் பிடிப்பாக இருக்கும். அந்த ராத்திரிகளில் எழுந்து பூஜை அலமாரி முன்னால் உட்காருவேன். 'இருக்கியா?' என்று மட்டும் கேட்பேன். பதில் ஒன்றும் வராது, ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம்தான் கேட்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போய்ப் படுப்பேன். சில நாள் தூக்கம் வரும், சில நாள் வராது.

போன வாரம் சாயங்காலம் பிரகாரத்தைச் சுற்றினேன், கல் இன்னும் ஆறவில்லை போல. திடீரென்று சுரீர் என்றது. இடது கால் பெருவிரலில் மட்டும். நின்று, காலை மறுபடி வைத்துப் பார்த்தேன், மறுபடியும் சுட்டது. பக்கத்தில் வந்த அம்மா, கால் சுடுதா, ஓரமா வாங்க என்றார். சுடுதுங்க, சுடுதுங்க என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னதில் அவர் பயந்து தள்ளிப் போய்விட்டார்.

தையல் மறுபடி தொடங்கியிருக்கிறேன். ஆபரேஷனான பெண்களுக்கு ஜாக்கெட்டுக்குள் பை வைத்துத் தைக்கிறேன், உள்ளே வைக்கத் துணித் திண்டும் செய்து தருகிறேன். வெறும் பஞ்சு வைத்தால் கனமே இல்லாமல் மேலே ஏறிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் கேழ்வரகு சேர்த்துத் தைத்தேன், எனக்குத்தான் முதலில். மழையில் நனைந்தால் முளைத்துவிடுமோ என்று வார்டு சிநேகிதிகள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினாள். இதுவரை ஒன்பது பேருக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். தூத்துக்குடியிலேயே பார்க்க முடிந்தால் இந்த வாரமே பாருங்கள். இங்கே வந்துதான் பார்க்க வேண்டும் என்றால் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏற்றி, நீயும் கூட வா. எழும்பூருக்கு நான் வந்துவிடுகிறேன். கீழ் ரூம் காலியாகத்தான் இருக்கிறது, இப்போது மெட்ரோ வேறு இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போய்வர சிரமமில்லை. காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் ஜெராக்ஸோடு எடுத்து வரச் சொல். அண்ணியின் ஜெபப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்து வை. என்னிடம் பயப்படாமல் எதை வேண்டுமானாலும் கேட்கச் சொல். மார்பு எடுத்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றால் காட்டுகிறேன். எனக்கு யாராவது முன்னாலேயே காட்டியிருந்தால் பாதி பயம் போயிருக்கும்.

வரும்போது மக்ரூன் வாங்கி வா, இப்போது ருசி தெரிகிறது. கருவாடு வேண்டாம். போன தடவை நீ கொண்டுவந்ததைப் பார்த்து காசிமேட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

உன்
ஒட்டடைக்குச்சி
(மாத்திரை புண்ணியத்தில் இப்போது எழுபத்தொரு கிலோ)