வெலெஃபிகே ஏறப்போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

மே மாதக் கடைசியில் ஸ்பெயினின் அல்மேரியா போய், தபெர்னாஸில் தங்கி, வெலெஃபிகே கணவாய் ஏறப்போவதாக எழுதியிருந்தாய். சைக்கிள் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் வேலையாக அந்த கேசட்டை, அதாவது பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கர அடுக்கை, மாற்று. அதில் பெரிய பல்சக்கரத்தில் 28 பல்தான் எண்ண முடிகிறது. முன்னால் சின்னது 34. இந்தக் கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். அந்த ஏற்றம் சுமார் 13 கிலோமீட்டர், சராசரி ஆறரை சதவீதம். உன் எடையும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து 72 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்துக்கு 130 வாட் தேவை. ஒன்றரை மணி நேரம் விடாமல் தர வேண்டும். அரை மணியில் கால் தளர்ந்து 45 சுற்றுக்கு இறங்கினால் பாரம் முழுவதும் முழங்காலில் ஏறும். 34 பல் வரை உள்ள கேசட் போட்டால் அதே 60 சுற்றில் ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தபடி மூச்சைச் சீராக வைத்துக்கொள்ளலாம். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் உன் பின் டெரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று கடையில் கேள். குட்டைக் கை உள்ளது பெரும்பாலும் தாங்காது. பழைய செயின் நீளம் போதாமல் போகலாம், அதையும் புதிதாகவே போடு.

கியரைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான். அந்த ஊரில் உன்னைச் சோதிக்கப்போவது தண்ணீரும் கடிகாரமும்.

தபெர்னாஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் மழை அரித்த சாம்பல் நிறக் குன்றுகள், வறண்ட ஆறுகள், கற்றாழை. கௌபாய்ப் படங்கள் எடுத்த நிலம். சாலையோரம் சப்பாத்திக்கள்ளி கருகி நிற்பதைப் பார்த்தால் வெயில் என்று நினைக்காதே, மாவுப்பூச்சி போல வெள்ளையாக அப்பிக்கொள்ளும் ஒரு பூச்சியின் வேலை அது. அங்கிருந்து வெலெஃபிகே ஊருக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். மெல்ல மெல்ல 900 மீட்டர் வரை ஏறிவிடுவாய். உண்மையான ஏற்றம் ஊரைத் தாண்டித்தான் தொடங்கும், கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 1,800 மீட்டரை ஒட்டி முடியும். நடுவில் கடை, வீடு, குழாய் எதையும் நம்பாதே. 2009இல் ரைடர் ஹெஸ்ஜெடாலும் 2021இல் தமியானோ கருசோவும் வுவெல்டா என்ற ஸ்பெயின் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்த ஏற்றம் இது. அவர்களுக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு கார் வந்தது. உனக்கு வராது.

கணக்கு இப்படிப் போடு. வெயிலில் ஏறும்போது மணிக்கு முக்கால் லிட்டர் குறைந்தபட்சம், வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் ஒரு லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு மாட்டு. தபெர்னாஸிலிருந்து கொண்டுபோனதில் ஒன்று வெலெஃபிகே போகும்போதே காலியாகிவிடும். ஊருக்குள் நுழைந்து இரண்டையும் நிரப்பாமல் மேலே போகக் கூடாது. ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும் வை. தலையில் ஊற்ற, விழுந்தால் காயம் கழுவ அதுதான் உதவும். மற்றதில் 40 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சை பிழிந்து கலக்கு. கடையில் விற்கும் பொடியில் இருப்பதும் இதே சங்கதிதான், விலைதான் வேறு.

ஸ்பெயின் கிராமங்களில் பொதுக்குழாய்க்கு ஃபுவென்ட்டே என்று பெயர். தேவாலயத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்திலோ, பழைய துணி துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்திலோ இருக்கும். பலகையைப் படி. 'பொட்டாப்ளே' என்றால் குடிக்கலாம். 'நோ பொட்டாப்ளே' என்றால் கூடாது. குழப்புவது மூன்றாவது வகை: 'நோ த்ராத்தாதா', 'சின் கரந்தியா சானிட்டாரியா'. ஊற்றுநீர், குளோரின் போடாதது, யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள் என்று அர்த்தம். ஊர்க்காரர்கள் கேன் கேனாகப் பிடித்துப் போவார்கள், உன் வயிறு அதற்குப் பழக்கப்பட்டதில்லை. தலைக்கு ஊற்றிக்கொள், குடிக்காதே. வழியில் வளைந்த கூரையோடு பாதி மண்ணுக்குள் புதைந்த சிறு கட்டடங்கள் தென்படும். அவை அல்ஹிபே, மழைநீரைச் சேர்த்து வைக்கும் பழைய தொட்டிகள். நிழலுக்கு ஒதுங்கலாம், தண்ணீருக்கு ஆகாது. குழாய் கண்ணில் படாவிட்டால் காப்பிக் கடைக்குள் போய், முதலில் 'புவெனோஸ் தீயாஸ்' சொல்லிவிட்டு, பிறகு பாட்டிலைக் காட்டி 'மே யேனா லோஸ் பிதோனெஸ், போர் ஃபவோர்' என்று கேள். வணக்கம் சொல்லாமல் கேட்பதைச் சின்ன ஊர்களில் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரிலும் அப்படித்தானே.

இனி கடிகாரம். ஸ்பெயினின் நேரம் அதன் சூரியனோடு ஒத்துப்போகாது. அல்மேரியாவில் கோடைக் கடிகாரத்தில் மதியம் 2 மணியைத் தாண்டித்தான் சூரியன் உச்சிக்கு வரும். நீ 12 மணியை உச்சிவெயில் என்று நினைத்துத் திட்டம் போட்டால் ஏமாறுவாய். கொடும் வெப்பம் 3லிருந்து 6 வரை. மே கடைசியில் 7 மணி வாக்கில் விடியும். ஏழே காலுக்குக் கிளம்பினால் எட்டே முக்காலுக்குள் வெலெஃபிகே, பத்தரைக்குள் உச்சி, மதியத்துக்குள் தபெர்னாஸ். உச்சியிலிருந்து வடக்கே பகாரெஸ் பக்கம் இறங்க ஆசை வரும். இறங்கினால் திரும்பி வர இன்னொரு மலை, அதுவும் மதிய வெயிலில். முதல் நாள் வேண்டாம்.

கடைகள் பொதுவாக இரண்டு மணிக்கு மூடினால் ஐந்துக்குத்தான் திறக்கும். மதியச் சாப்பாடு இரண்டிலிருந்து நான்கு, இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு முன்னால் கிடைப்பது கஷ்டம். ஞாயிறு மளிகைக் கடை கிடையாது, திங்களன்று காப்பிக் கடையே பூட்டியிருக்கலாம். சில நூறு பேர் வாழும் ஊரில் இருக்கும் ஒரே கடைக்காரர் உறவினர் கல்யாணத்துக்குப் போனாலும் கதவு மூடிவிடும். ஆகவே திட்டத்தில் எந்த ஊரிலும் சாப்பாடு கிடைக்கும் என்று எழுதாதே. முந்தைய மாலையே பாதாம், காய்ந்த அத்தி, மெம்பிரியோ என்கிற சீமைமாதுளை அல்வாக்கட்டி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள். மெம்பிரியோ வெயிலில் உருகாது, சாக்லெட் உருகும். கடை திறந்திருந்தால் தக்காளி அரைத்துத் தேய்த்து எண்ணெய் விட்ட தொஸ்தாதா என்ற வாட்டிய ரொட்டியும் பால் காப்பியும் கேள். ஹாமோன் என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சி வேண்டாமென்றால் 'சின் ஹாமோன்' என்று முதலிலேயே சொல்லிவிடு. 'இறைச்சி வேண்டாம்' என்றால் அதில் ஹாமோன் அடங்காது என்று நினைப்பவர்கள் உண்டு. சாலட்டில் சூரைமீன் கேட்காமலே வரும்.

டயர் விஷயத்தில் உனக்குத் தெரிந்த எதிரிதான் அங்கேயும்: நெருஞ்சி. அவர்கள் அப்ரோஹோ என்கிறார்கள், செடி அதேதான். சாலை ஓரமும் வண்டி நிறுத்தும் மண்தரையும் அதன் இடம். படம் எடுக்க ஒதுங்கும்போது சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நட, உருட்டாதே. குத்தினால் முள்ளைப் பிடுங்குவதற்கு முன் யோசி: ட்யூப்லெஸ் என்றால் அதை எடுத்துவிட்டு ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்து, உள்ளே ஊற்றிய பால் போன்ற அடைப்புத் திரவம் வந்து அடைக்கும். ஒரு டயருக்கு 30 மில்லி பால் போதும், ஆனால் வறண்ட காற்றில் சீக்கிரம் காயும், கிளம்புமுன் புதிதாக ஊற்று. ட்யூப் என்றால் மாற்றுமுன் டயரின் உட்புறம் முழுவதும் விரலால் தடவு. ஒரே ஒரு முள் மட்டும் குத்தியிருப்பது அபூர்வம். மாற்று ட்யூப் இரண்டு, ஒட்டு, கைப்பம்பு. கூடவே பழைய டயரில் வெட்டிய ஐந்து சென்டிமீட்டர் துண்டு ஒன்று. நீ ஏறும் ஃபிலாப்ரெஸ் மலை ஏடு ஏடாக உரியும் பாறை. மழைக்குப் பின் வளைவுகளின் உள்பக்கம் அந்தச் சில்லுகள் கிடக்கும், டயரின் பக்கச்சுவரைக் கத்தி போலக் கிழிக்கும். அப்போது உள்ளே வைக்க அந்தத் துண்டு வேண்டும்.

28 மில்லிமீட்டர் டயருக்கு முன்னால் 60, பின்னால் 65 பிஎஸ்ஐ போதும். காலை 15 டிகிரியில் அடித்த காற்று, டயர் 45 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் எட்டு பிஎஸ்ஐ ஏறியிருக்கும். அதனால் மேலும் அடித்துவிடாதே.

இறக்கத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வெலெஃபிகே ஊரிலிருந்து நீ ஏறிச் சேர்த்த உயரத்தின் ஆற்றல் ஏறத்தாழ 600 கிலோஜூல். இறங்கும்போது அது காற்றிலும் பிரேக்கிலும் கழிந்தாக வேண்டும். பிரேக்கை லேசாக அழுத்தியபடியே இறங்கினால் டிஸ்க் ஆறவே நேரம் கிடைக்காது. பேடு கண்ணாடிபோல் வழுவழுப்பாகிப் பிடிப்பை இழக்கும், எண்ணெய் கொதித்தால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். வளைவுக்கு முன் நேர்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடி, வளைவுக்குள் விட்டுவிடு, அடுத்த வளைவு வரை ஆறட்டும். ஆட்டு மந்தை வளைவுக்கு அப்பால் நிற்கலாம். மணிச்சத்தம் கேட்டால் வேகத்தைக் குறை, காவல் நாய் வந்தால் இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நட. மேலே கீழே வெப்பத்தில் ஒன்பது டிகிரி வித்தியாசம் இருக்கும். வியர்வை ஈரத்தோடு இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது. மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை கட்டாயம்.

சட்டம் கொஞ்சம்: ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம், காதில் இயர்ஃபோன் கூடாது, கார்கள் ஒன்றரை மீட்டர் விட்டுத்தான் முந்த வேண்டும். பெரும்பாலோர் பொறுமையாகவே முந்துவார்கள். மலையின் வடபுறம் மகாயேலில் பளிங்குச் சுரங்கங்கள் இருப்பதால் அந்தச் சாலையில் வார நாட்களில் கல் ஏற்றிய லாரிகள் வரும். அந்தப் பக்கம் போனால் ஞாயிறு போ. அவசர எண் 112.

இரண்டாம் நாள் கால் வலித்தால் சோர்பாஸ், லுகைநேனா, நீஹார் பக்கம் மெதுவாக ஓட்டு. லுகைநேனாவில் இரும்புத்தாது சுட்ட பழைய சூளைகள் வரிசையாக நிற்கின்றன. நீஹாரில் மண்பாண்டமும், கந்தல் துணியில் நெய்த ஹராப்பா என்ற விரிப்பும் விற்கிறார்கள். வாங்கினால் அம்மாவுக்கு ஒன்று, ஆனால் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓட்டாதே, தபாலில் போடு.

கேசட் மாற்றியதும் முன்னால் பெரிய சக்கரத்திலும் பின்னால் 34இலும் செயினை ஏற்றி, டெரெய்லர் கை முன்பக்கம் விறைப்பாக இழுபடுகிறதா என்று பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா