நீங்க ஜெபிச்சீங்க, நான் தூங்குனேன்: எங்க சபைக்கு ஒரு நன்றி மடல்

எங்க சபை மக்கள் எல்லாருக்கும், எங்க போதகர் ஐயருக்கும் அவர் வீட்டம்மா ஐயரம்மாவுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும், ரத்தம் குடுத்த தம்பிமாருக்கும் ஸ்தோத்திரம். வீட்டுக்காரருக்கு பைபாஸ் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு இப்ப அவங்களே நடந்து கோயிலுக்கு வர்றத எல்லாரும் பாக்குறீங்க. ஆராதனைல சாட்சி சொல்லலாம்னு எந்திரிச்சேன், அழுகைதான் வந்துச்சு, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

மொதல்ல வாலிபர் சங்கத்து தம்பிங்க. ரத்தம் குடுக்க ஆள் வேணும்னு ஆஸ்பத்திரில சொன்னதும் குரூப்ல ஒரு மெசேஜ்தான் போட்டோம், ராத்திரி பஸ்ஸ புடிச்சு விடியுறதுக்குள்ள மதுரைல வந்து நின்னீங்க, குடுத்துட்டு ஒரு டீய குடிச்சுட்டு வேலைக்கு நேரமாச்சுன்னு அப்படியே திரும்பிட்டீங்க. நல்லா இருங்கப்பா.

ஐயரம்மா, நீங்க தியேட்டர் வாசல்ல என்கூட உக்காந்திருந்தத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். மைக்ல ஒவ்வொரு பேரா கூப்பிடும்போது எனக்கு நெஞ்சு பதறும், நீங்க என் கைய ஒருவாட்டி இறுக்கிப் புடிச்சுட்டு நம்ம பேர் இல்லன்னு தெரிஞ்சதும் விட்டுடுவீங்க, அத்தன மணி நேரமும் ஒரு வசனம் கூட சொல்லல, தைரியமா இருன்னும் சொல்லல. அந்த நேரத்துல எனக்கு வேண்டியது அதுதான்னு உங்களுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ.

எனக்கு கஷ்டமே வீட்டுக்கு வந்த அப்புறம்தான், இது பல பேருக்கு தெரியாது. அவங்க நல்லா தூங்குவாங்க, நான் மூச்சு வருதா வருதான்னு பாத்துட்டே முழிச்சிருப்பேன், திடீர்னு படபடன்னு அடிக்கும், கை மரத்துப்போகும், இப்பவே உயிர் போயிடும்னு தோணும். நம்ம சபைல நர்ஸா இருந்து ரிட்டயர் ஆன அக்கா ஒரு நாள் என்னைய பாத்துட்டு வான்னு கையோட கூட்டிட்டு போனாங்க. மொதல்ல ஈசிஜி, அப்புறம் தைராய்டு டெஸ்ட், தைராய்டு கூடுனாலும் இப்படி படபடப்பு வருமாம். ரெண்டும் நார்மல்னு வந்ததும் மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனது அவங்கதான், வெளிய யாருக்கும் மூச்சு விடல. மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும், நல்லா இருக்குன்னு நீயா நிறுத்திடாதன்னு டாக்டர் சொன்னத எனக்கு திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்துனதும் அவங்கதான். இத படிக்கிற யாருக்காவது இப்படி இருந்தா 14416க்கு ஒரு போன் போடுங்க, டெலிமானஸ்னு கவர்மெண்டு நடத்துறது, காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

விசுவாசிக்கு எதுக்கு மாத்திரைன்னு ஒருத்தர் சொன்னாங்க. எனக்கு ரொம்ப வலிச்சுது, ஐயர்கிட்ட போய் கேட்டேன். அவர் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்த எடுத்து வாசிக்க சொன்னாரு. எலியா சூரைச்செடிக்கு கீழ படுத்துகிட்டு போதும் கர்த்தாவேன்னு சாவ கேக்குறாரு, அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி, அவர்கிட்ட தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணல, தட்டி எழுப்பி எந்திரிச்சு சாப்பிடுங்குறான். சுட்ட அடையும் தண்ணியும் இருக்கு, சாப்பிட்டு திரும்ப படுத்துடுறாரு, ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பாடுதான். எலியா அத வாங்கி சாப்பிட்டாரும்மா, நீயும் மாத்திரைய சாப்பிடுன்னு சொன்னாரு. ஐயரே, அன்னைக்கு நீங்க வேற மாதிரி சொல்லியிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியல.

அடுத்த வாரம் வேதபாடத்துல 1 பேதுரு 5 எடுத்தது எனக்காகத்தான்னு எனக்கு தெரியும். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்", இந்த 7ஆம் வசனம் நம்ம எல்லார் வீட்டு காலண்டர்லயும் இருக்கும். அதுக்கு முன்னாடி 6ல தேவனோட பலத்த கைக்குள்ள அடங்கியிருங்கன்னு இருக்கு, அதுக்கும் முன்னாடி 5ல ஒருத்தருக்கொருத்தர் கீழ்ப்படிஞ்சு மனத்தாழ்மைய அணிஞ்சுக்கோங்கன்னு இருக்கு. மூணும் தொடர்ச்சியா வருது. பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியான்னு இப்ப துருக்கி இருக்கிற பக்கம் சிதறிக் கெடந்து நிந்தை வாங்கிட்டு இருந்த சபைகளுக்கு எழுதுனது, கவலைய தனியா ரூம்ல உக்காந்து வைக்க சொல்லல, ஒருத்தர ஒருத்தர் தாங்குற சபைக்குள்ள இருந்து வைக்க சொல்றாரு.

எழுதுனது யாரு, "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது"ன்னு இயேசுவையே தடுத்த பேதுரு. கால நீட்டி இன்னொருத்தர கழுவ விடுறதும் தாழ்மைதான்னு அவர் அன்னைக்கு கத்துகிட்டாரு. அதே மனுஷன்தான் அப்போஸ்தலர் 12ல, விடிஞ்சா ஏரோது ராஜா ஜெயில்ல இருந்து வெளிய கொண்டு வந்து கொல்லப்போறான்னு இருக்கிற ராத்திரி, ரெண்டு சங்கிலி கட்டி ரெண்டு சேவகருக்கு நடுவுல தூங்குறாரு, தூதன் விலால தட்டிதான் எழுப்ப வேண்டியிருக்கு! அந்நேரம் மாற்குவோட அம்மா மரியாள் வீட்டுல நிறைய பேர் கூடி ஜெபம் பண்ணிட்டு இருக்காங்க. எனக்கும் அப்படித்தான் நடந்துச்சு, பக்கத்து தெரு வீட்டுல வாரா வாரம் ராத்திரி நீங்க கூடி ஜெபிச்சீங்க, இன்னைக்கு நாங்க பாத்துக்குறோம் நீ படுன்னு அத்தை ஒருத்தர் போன்ல சொல்லுவாங்க, நான் படுத்து தூங்குனேன்.

சங்கத்து அக்காமாரே, கைப்பிடி அரிசி சேத்து வச்சது எங்க வீட்டுக்கு வந்து சேந்துச்சு. வேதாகமத்துக்குள்ள பேர் எழுதாத கவர்ல காசு வச்சுட்டு போனவங்க யாருன்னு இன்னும் தெரியாது, தேடவும் மாட்டேன். வலது கை செய்றத இடது கை அறியக்கூடாதுன்னு இயேசு சொன்ன மத்தேயு 6ஆம் அதிகாரத்துலதான் நாளைக்காக கவலைப்படாதீங்கன்னும் சொல்றாரு, அந்த கவர திறந்த அன்னைக்கு மருந்துக் கடைக்கு போக கைல காசில்ல. கர்த்தர் என்னைய விசாரிக்கிறாருன்னு நான் நம்புறேன், அவர் யார் யார் மூலமா விசாரிச்சாருன்னு எனக்கு முகம் முகமா தெரியும்.

நேரங்காலம் பாக்காம வந்த ஆட்டோ பாய்க்கும், என் புள்ளைங்கள தன் புள்ளைங்களோட ஸ்கூலுக்கு அனுப்புன மாடி வீட்டு அக்காவுக்கும் எங்க குடும்பத்தோட நன்றி.

அப்புறம், சாப்பாடு குடுத்தனுப்புன தூக்குச்சட்டி, டிபன் கேரியர் கொஞ்சம் எங்க வீட்டுலயே இருக்கு, சிலதுல பேர் வெட்டல. எல்லாம் கழுவி வச்சிருக்கேன், அவங்கவங்க வந்து பாத்து எடுத்துக்கோங்க, வரும்போது இருந்து ஒரு காபி குடிச்சுட்டுதான் போகணும்.