பஸ்ஸில் பெயர் எழுதியவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரத்து ஓவியரைப் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அவர் தூரிகை பிடித்ததே வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில்தான் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். அந்த வளாகம் 1972இல்தான் வந்தது. அதற்கு முன்பே, டர்பனில் நாங்கள் அப்போது குடியிருந்த கிளேர்வுட்டில் என் சித்தப்பாவின் பஸ்ஸுக்குப் பெயர் எழுதியவன் அவன். (பெரிய மனிதரை அவன் என்கிறேனே என்று நினைக்காதீர்கள், எனக்கு வேறு மாதிரி வராது.)

நூலில் சாக்பொடி தடவி, ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்வான். இழுத்துச் சுண்டினால் தகரத்தில் நேர்கோடு விழும். எழுத்துக்கு மஞ்சள், நிழலுக்குச் சிவப்பு. நிழல் இடப்பக்கம்தான் விழ வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பான். "டேய், நாளைக்கு பஸ் ஓடணும்டா!" என்று சித்தப்பா கத்துவார். காதிலேயே வாங்கமாட்டான். கூலியில் பாதியைப் பெயிண்டாகவே கேட்டு வாங்கிக்கொள்வான்.

அப்புறம், இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு எங்களை அனுப்பினார்கள். அவன் குடும்பத்துக்கு அங்கேயே வேறு யூனிட்டில், அதாவது வேறு பகுதியில், வீடு. பார்ப்பது குறைந்தது.

கட்டுரையோடு போட்டிருந்த ஓவியத்தில் மஞ்சள் எழுத்துகள், இடப்பக்கம் சிவப்பு நிழல். உங்கள் விமர்சகர் அதை ஐரோப்பியத் தாக்கம் என்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த பேட்டியில் அவனிடமே பஸ்ஸைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் காலத்துக் கிளேர்வுட் பஸ் படம் வாசகர் யாரிடமாவது இருந்தால் வெளியிடுங்கள். எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்