ஆல்-சீசன் டயரும் அந்த ஒரு வரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பனிக்காலத்தில் கார் ஓட்டுவது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். பேட்டரி, வைப்பர் தண்ணீர், கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டுவது என்று எல்லாம் உருப்படியான விஷயங்கள். நடுவில் ஒரு வரி: புதுக் கார் வைத்திருப்பவர்கள் டயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கம்பெனியே ஆல்-சீசன் டயர், அதாவது எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கிற டயர், போட்டுத்தான் கொடுக்கிறது என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். போன பனிக்காலம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதியோர் இல்லம் ஒன்றில் எனக்கு இரவுப் பணி. விடியற்காலை ஐந்தரைக்கு வேலை முடிந்து, பனி உருக உப்புத் தூவும் லாரி வருவதற்கு முன்பே சாலையில் இறங்குகிறவள். கார் வாங்கி அப்போது எட்டு மாதம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. விற்றவர், 'இதற்குப் பனியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை' என்றார். முதல் பனி விழுந்த அன்று அவர் சொன்னது சரி என்றே பட்டது. மேட்டில் மற்ற கார்கள் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்க, என் வண்டி கிடுகிடுவென்று ஏறிவிட்டது. அந்த ஏற்றத்தில் வந்த தைரியம்தான் எனக்கு வினையாகிப் போனது.

இரண்டு வாரம் கழித்து, அதே மேட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். வேகம் 30 கிலோமீட்டர்தான். கீழே சிக்னல் சிவப்பு. எப்போதும் மிதிக்கிற இடத்தில் பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் ஏ.பி.எஸ்., சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற பிரேக் அமைப்பு, கடகடவென்று அதிர்ந்தது, வண்டி மட்டும் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. சறுக்கல் என்றால் வண்டி சுழலும், கிறீச்சிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. சத்தமே இல்லாமல், நேராக, அவசரப்படாமல் கோட்டைத் தாண்டிப் போய்ச் சந்திப்பின் பாதியில் நின்றது. வலப்புறமிருந்து வந்த பனி வாரும் லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே ஒதுங்கிப் போனது. அவர் ஒதுங்கியிராவிட்டால் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டேன். பள்ளங்களெல்லாம் பனி அடைத்து வழுவழுவென்று ஒரே பலகையாக இருந்தது. பக்கச்சுவரில் 'எம் பிளஸ் எஸ்' என்று எழுதியிருந்தது. சேறும் பனியும் என்பதன் சுருக்கமாம். பார்த்ததும், பனிக்கும் சேர்த்துத்தானே எழுதியிருக்கிறார்கள் என்று கோபம்தான் வந்தது.

என் தம்பி மகன் டயர் கடையில் வேலை செய்கிறான். அவன் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. அந்த எழுத்துகள் வட அமெரிக்காவில் டயரின் பள்ளம் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, எவ்வளவு இடம் திறந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் போடப்படுபவை. பனியில் ஓட்டிப் பார்த்துக் கொடுக்கிற சான்று அல்ல. ஓட்டிப் பார்த்துத் தருவது வேறு ஒன்று: மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனிச்செதில். 1999இல் அமெரிக்க, கனடிய ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் கொண்டுவந்த சின்னம் அது. அழுத்தமான பனியில் ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் பிடிப்பைக் காட்டினால்தான் கிடைக்கும். அதிலும் அவர்கள் பார்ப்பது வண்டி கிளம்பும் இழுவையை. பனிக்கட்டியில் நிற்பதை அல்ல. என் டயரில் அந்த மலையும் இல்லை.

'நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானே?' என்று கேட்டேன். 'அது கிளம்பத்தான் அத்தை. பிரேக் போடும்போது எல்லாக் காரும் நாலு சக்கரத்தில்தானே நிற்கிறது?' என்றான். கடைச் சீட்டின் பின்பக்கம் கணக்கும் போட்டுக் காட்டினான். 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த சாலையில் நாலைந்து மீட்டரில் வண்டி நிற்கும். மிதிபட்டு இறுகிய பனியில் பதினைந்து மீட்டர் வரை ஆகும். பளபளவென்று ஐஸ் கட்டியிருந்தால் முப்பதைத் தாண்டும். பத்து வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன், இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம் அவன் இரண்டு டயர்களை வெளிக் குளிரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னான். ஆல்-சீசன் டயரில் நகம் பதியவே இல்லை, பழைய செருப்பின் குதிகால் போல இருந்தது. பனிக்கால டயர் மெதுவாகக் குழைந்து கொடுத்தது. வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே சாதாரண ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. குளிர் ஏற ஏறச் சாலையின் மேடுபள்ளத்தில் பதியாது. பனிக்கால டயரின் கலவை அப்போதும் இளக்கமாக இருக்கும்படி செய்யப்படுகிறது. அதே இளக்கம் கோடையில் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பதால்தான் பருவத்துக்குப் பருவம் மாற்ற வேண்டியிருக்கிறது. பனிக்கால டயரின் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் ரப்பர் கட்டைகளில் கத்தியால் கீறியது போல நெளிநெளியாகப் பொடிக் கீறல்கள் இருந்தன. 1923இல் ஜான் சைப் என்பவர் காப்புரிமை வாங்கிய யோசனையாம் அது; ஆங்கிலத்தில் இன்றைக்கும் அவர் பெயரையே சொல்கிறார்கள். டயர் பனியை உதறித் தள்ளினால்தான் நல்லது என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. கீறல்களும் பள்ளங்களும் கொஞ்சம் பனியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பனியைப் பனிதான் பற்றும், குழந்தைகள் பனியுருண்டை பிடிக்கிறார்களே, அதைப் போல.

சரி, கம்பெனி ஏன் இதைப் போட்டுக் கொடுக்கிறது? ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். கார் கம்பெனி தனக்கு வேண்டிய குணங்களைச் சொல்லி டயரைச் செய்யச் சொல்கிறது. எரிபொருள் சிக்கனத்துக்காக எளிதில் உருள வேண்டும், சத்தம் வரக் கூடாது, குலுங்கக் கூடாது. கடையில் அதே பெயரில் விற்கும் டயரும் புதுக் காரில் வரும் டயரும் சில சமயம் ஒன்றாகவே இருப்பதில்லை, பி.எம்.டபிள்யூ.வுக்காகச் செய்ததில் ஒரு நட்சத்திரக் குறி, மெர்சிடிஸுக்கு 'எம்.ஓ.' என்று தனி அடையாளமே போடுகிறார்கள். எப்போதும் வெயிலடிக்கிற ஊருக்கும் ஆறு மாதம் உறைகிற ஊருக்கும் ஒரே டயரோடு வண்டி போகிறது என்றால், அது இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். எப்போதாவது நாலு விரல் பனி விழுந்து மறுநாளே உருகிவிடுகிற இடத்தில் இருப்பவர்களுக்கு அது தாராளமாகப் போதும், அதிலும் புதிதாக இருக்கும்போது. பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் பனியில் அதை நம்ப முடியாது, சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை விட்டாலும்.

அரசாங்கங்களே 'ஆல்-சீசன்', 'எம் பிளஸ் எஸ்' என்கிற பெயர்களை முழுசாக நம்புவதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் பனிக்கால டயர் கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, அந்த மலைச் சின்னமோ ஆணி பதித்த டயரோ இருந்தாக வேண்டும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் பனிச் சாலைக்கு 'எம் பிளஸ் எஸ்' எழுத்து மட்டும் செல்லாது.

நான் இப்போது நான்கும் மாற்றிவிட்டேன். இரண்டு போதாதா என்று நானும் பேரம் பேசிப் பார்த்தேன். முன்னால் மட்டும் நல்ல பிடிப்பு இருந்தால் வளைவில் பின்பக்கம் வெட்டிக்கொண்டு முன்னே வந்துவிடும் என்று தம்பி மகன் விடவில்லை. இந்த வருடம் அதே மேடு, அதே சிக்னல். வண்டி கோட்டுக்கு முன்னாலேயே நிற்கிறது. ஐஸ் கட்டிய அன்று மட்டும் இன்னும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்கிறது. அந்த நாட்களில் மேட்டின் உச்சியிலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த மலைச் சின்னத்தின் படத்தை, சின்னதாகவாவது, திருத்தத்தோடு சேர்த்துப் போடுங்கள். என்னோடு வேலை பார்க்கிற ஆறு பேரில் நாலு பேர் சென்ற வருடம்தான் புதுக் கார் வாங்கினார்கள். உங்கள் கட்டுரையைக் கத்தரித்து ஓய்வறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
இரவுப் பணி முடிந்து ஓட்டி வரும் ஒரு வாசகி