கிறீஸ் பூதத்தை ஒருத்தரும் படம் எடுக்கேல்லை

யாழ்ப்பாணம்,
மார்கழிக் கடைசி.

அன்பின் மச்சான்,

நலம், நாடுவதும் அதுவே. உன்ர குரல்பதிவு எல்லாத்தையும் கேட்டன். பதிலுக்கு நானும் கதைச்சு அனுப்பலாம்தான். ஆனா விளக்கு வைக்கிற நேரத்தில இருந்துகொண்டு பேய்ப்படக் கதை சத்தமாக் கதைச்சால் இஞ்ச வீட்டில ஏச்சு விழும். அதான் எழுதுறன்.

இஞ்ச எல்லாரும் சுகம். மழை நல்லாப் பெய்து கிணறு கட்டு மட்டத்துக்கு நிக்குது. அண்ணையின்ர மகளுக்குச் சம்பந்தம் சரிவந்திட்டுது, தையில கலியாண எழுத்து. விபரமெல்லாம் பேந்து அண்ணை உனக்கு எடுத்துச் சொல்லுவார், அவரின்ர சந்தோஷத்தை நான் பறிக்கக் கூடாது.

இனிப் படத்துக்கு வருவம். கடைசி ரண்டு மூண்டு வருஷத்தில வந்ததுகளில 'ஏலியன்: ரோமுலஸ்'தான் திறம் எண்டு அடிச்சுச் சொல்லுறாய். நான் பாதி வழிக்குத்தான் உன்னோட வருவன். அந்தச் சாமான் பாய்ஞ்சு முகத்தில ஒட்டத் தொடங்கினாப் பிறகு 1979இல வந்த முதல் படத்துக்கு வட்டி கட்டுற வேலைதான் நடக்குது. அதுக்கு முந்தின பகுதிதான் எனக்குப் படம். வெயிலே படாத சுரங்கக் கிரகம். அந்தப் பெட்டை வேலை செய்யவேண்டிய மணித்தியாலத்தை முடிச்சிட்டு, இனி என்னை விடுங்கோ எண்டு கந்தோரில போய் நிக்கிறாள். ஆள் காணாது, உன்ர கணக்கைக் கூட்டியாச்சு, இன்னும் அஞ்சாறு வருஷம் கிட என்டுறாங்கள். டேய், அது விண்வெளிக் கதையே? வளைகுடாவுக்கு ரண்டு வருஷ ஒப்பந்தத்தில போய், பாஸ்போட்டை முதலாளியிட்டக் குடுத்திட்டு நிண்ட எத்தினை பெடியளின்ர கதை அது. பிறகு அந்தப் பிள்ளையள் களவா ஒரு கப்பலைக் கிளப்பிக்கொண்டு வெளிக்கிடேக்க, போங்கோடா, எங்கயாவது போய்ச் சேருங்கோ எண்டு நான் வாய்விட்டே சொல்லிப்போட்டன். அந்த இடத்தில பிசாசு வராமலே இருந்தாலும் எனக்குக் காணும்.

இன்னொண்டு. முதல் படத்தில நடிச்சு, 2020இல செத்துப்போன இயன் ஹோமின்ர முகத்தைக் கொம்பியூட்டரில செய்து அரை உடம்போட கதைக்க விட்டிருக்கிறாங்கள். குடும்பத்திட்டக் கேட்டுத்தான் செய்தவையாம். இருக்கட்டும். வேலைக்காரரை விடாமல் பிடிச்சு வச்சிருக்கிற ஒரு கொம்பனியைப் பற்றிப் படம் எடுக்கிறாங்கள், அதுக்குச் செத்த மனுசனையே திருப்பி வேலைக்குக் கூப்பிடுறாங்கள். அந்த முகத்தைப் பாக்கேக்க வந்த அருவருப்பு, மற்றப் பல்லுக்காரனைப் பாக்கேக்க எனக்கு வரேல்லை.

நீ 'சும்மா' எண்டு தள்ளின 'குவையட் பிளேஸ்: டே ஒன்' படத்துக்குத்தான் நான் வழக்காடப் போறன். நியூயோர்க் நகரத்தின்ர சராசரிச் சத்தம் 90 டெசிபெல், நிறுத்தாமல் ஒரு ஆள் கத்துற அளவு எண்டு எழுத்துப் போட்டுத் தொடங்குவாங்கள். பிறகு கண் தெரியாத, காது மட்டும் கூர்மையான சாமான்கள் வந்து விழ, அவ்வளவு பெரிய நகரமும் வாயை மூடுது. புற்றுநோய்க்காரி ஒருத்தி, சாகமுன்னம் ஒரு பீட்சா தின்ன வேணும் எண்டு பூனையோட நடக்கிறாள். கதை அவ்வளவுதான். அந்தப் பூனை என்ன நடந்தாலும் மூச்சுக்காட்டாது. எங்கட வீட்டுப் பூனையாயிருந்தால் முதல் பத்து நிமிஷத்திலயே எல்லாரையும் சாகக் குடுத்திருக்கும்.

சனம் சத்தம் போடாமல் கூட்டமா நடக்கிற இடத்தில நான் ரீவியின்ர சத்தத்தைக் குறைச்சன். ஏன் குறைச்சன் எண்டு பிறகுதான் யோசிச்சன். மச்சான், உனக்கும் எனக்கும் பயம் காதாலதான் வந்தது, கண்ணால இல்லை. பலாலி ஆமிக் காம்ப் பக்கம் ஷெல் குத்துற சத்தம் கேட்டால் விழுற சத்தம் வரைக்கும் இடையில ஒரு இடைவெளி இருக்குமெல்லே, அதுக்குள்ள பங்கருக்குள்ள ஆரும் மூச்சு விடமாட்டினம். ஹெலியா பொம்பரா எண்டு நாய்க்கு முதல் விளங்கும், பிறகு அம்மம்மாவுக்கு விளங்கும், கடைசியாத்தான் எங்களுக்கு. கரண்ட் இல்லாத அந்த வருஷங்களில படத்தையும் காதாலதானே பாத்தனாங்கள்? சைக்கிளைக் கவிட்டு வச்சு, டைனமோவைப் பூட்டி, ஒருத்தன் பெடலைச் சுத்த மற்றவை ஒலிச்சித்திரக் கசற் கேட்டது. சுத்துறவன் களைச்சுப்போனால் கதாநாயகியின்ர குரல் இழுபட்டு இழுபட்டு ஆம்பிளைக் குரலாப் போகும். ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில அந்தக் குரல் தந்த பயத்தை இண்டைக்கு வரைக்கும் ஒரு ஹொலிவூட்காரனும் எனக்குத் தரேல்லை.

அதாலதான் எங்கட தமிழ்ப் பேய்ப்படங்களில எனக்கு நம்பிக்கை விட்டுப்போச்சு. ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் சேர்த்து, வாடகை டெக்கில 'மை டியர் லிசா' பாத்திட்டு, முத்தத்தில ஒண்டுக்குப் போகப் பயந்த ஆக்கள்தான் நாங்கள். இப்ப 'அரண்மனை 4' பாக்கேக்க கொட்டாவிதான் வருது. 'டிமான்டி காலனி' முதல் பாகம், 2015இல வந்தது, நாலு பேரை ஒரு அறைக்குள்ள பூட்டி வச்சதால நல்லாயிருந்தது. 2024இல வந்த ரண்டாம் பாகம் அறையை விட்டு வெளிய வந்து ஊரெல்லாம் சுத்தி, எல்லாத்துக்கும் விளக்கம் சொல்லுது. விளக்கம் சொன்னால் பேய் செத்துப்போகும். எங்கட ஆக்களுக்கு இடைவேளைக்குப் பிறகு ஒரு பிளாஷ்பேக் கட்டாயம் வேணும். பேய் நல்ல பிள்ளையாத்தான் இருந்தது, நாலு கெட்டவங்கள் சேர்ந்து கொண்டுபோட்டாங்கள், இப்ப ஒவ்வொருத்தனாப் பழிவாங்குது. ரண்டரை மணித்தியாலத்தில நீதி கிடைச்சு, சாம்பிராணி போட்டு, சுபம்.

2025இல செம்மணி சித்துப்பாத்தி மயானத்து மனிதப் புதைகுழியில என்ன கிளம்பினது எண்டு உனக்கும் தெரியும். இருநூறுக்கு மேல எலும்புக்கூடு. அதில ஒரு பிள்ளையின்ர எலும்போட புத்தகப்பையும் கிடந்தது. அந்த வழியால போற ஒருத்தரும் பேயைப் பற்றிக் கதைக்கிறேல்லை. செத்த ஆக்கள் எழும்பி வந்து செய்தவன்ர கழுத்தைப் பிடிப்பினம் எண்டு சொல்லுற கதை பயப்படுத்திற கதை இல்லை, ஆறுதல் சொல்லுற கதை. சென்னைக்காரருக்கு அந்த ஆறுதல் விளையாட்டா இருக்கலாம். எனக்கு எரிச்சல் வருது.

'பிரமயுகம்' பாத்தியா? பாக்காட்டி இந்தக் கடிதத்தை வச்சிட்டுப் போய்ப் பார். ராகுல் சதாசிவன் எடுத்தது, 2024, முழுக்கக் கறுப்பு வெள்ளை. ரேவதி நடிச்ச 'பூதகாலம்' எடுத்த அதே ஆள். அடிமைத்தனத்துக்குத் தப்பி ஓடிவாற ஒரு பாணன், காட்டுக்குள்ள வழி தவறி ஒரு பாழடைஞ்ச மனைக்கு வாறான். அங்க மம்முட்டி. கொடுமண் போற்றி. ஒரு சமையல்காரன். கிட்டத்தட்ட இந்த மூண்டு பேரோடயே படம் முடியுது. போற்றி அவனுக்குச் சோறு போடுறார், பாடச் சொல்லிக் கேக்கிறார், சாதியைப் பாக்காமல் பக்கத்தில இருத்திறார். பிறகு தாயம் விளையாடக் கூப்பிடுறார். வைக்கிறதுக்கு என்னட்ட ஒண்டும் இல்லை எண்டு பாணன் சொல்ல, உன்ர நேரத்தை வை என்டுறார். அவ்வளவுதான், முடிஞ்சுது கதை. பிறகு வெளிய போற வழி எங்க எண்டு ஆருக்குத் தெரியும்?

மம்முட்டி அதில பல்லைக் காட்டிப் பயப்படுத்தேல்லை. சாப்பிட்டுப் பயப்படுத்திறார், சிரிச்சுப் பயப்படுத்திறார், கதிரையில சும்மா இருந்து பயப்படுத்திறார். அதிகாரம் கையில இருக்கிற ஆள் இரக்கம் காட்டுறது எவ்வளவு பயங்கரம் எண்டதை இதைவிட வடிவா ஒரு படமும் காட்டினதாத் தெரியேல்லை. உள்ளுக்க ஒரு குட்டிச்சாத்தான் விஷயமும் இருக்கு, அதைச் சொல்லமாட்டன். வசனம் டி. டி. ராமகிருஷ்ணன். ஈழப்போரை வச்சு மலையாளத்தில நாவல் எழுதினாரெல்லே, அவர்தான். அதை அறிஞ்சாப் பிறகு அந்த வசனங்கள் எனக்கு ஏன் கிட்டவா இருந்தது எண்டு ஓரளவுக்கு விளங்கினமாதிரி இருந்தது. கதை நடக்கிறது பதினேழாம் நூற்றாண்டு மலபாரில. கடைசியில துவக்கோட ஆர் வருகினம் எண்டு பார். எங்கட கோட்டையை முதல் கட்டினது ஆர் எண்டு யோசிச்சால் உனக்குப் பதில் வந்திடும்.

'சினர்ஸ்' நல்ல படம் எண்டு நீ சொன்னதில மாற்றமில்லை. 1932 மிசிசிப்பி, கறுப்பினச் சனம் தங்களுக்கெண்டு திறக்கிற பாட்டுக் கொட்டில், வெளிய இரத்தக் காட்டேரியள். அந்தப் பெடியன் பாட, முன்னோரும் இனிப் பிறக்கப்போறவையும் வந்து ஒண்டா ஆடுற இடத்தை ரண்டாந்தரமும் போட்டுப் பாத்தன். ஆனா எனக்குப் பிடிச்சது அந்தச் சட்டம். உள்ளுக்க இருக்கிற ஆள் வா எண்டு கூப்பிடாட்டி காட்டேரி வாசல்படி தாண்டாது. எங்கட அம்மம்மாவும் அதைத்தானே சொன்னவ? இரவில ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்கு ஏன் எண்டு கேக்காதை, பேய் மூண்டாந்தரம் கூப்பிடாது. பேய்க்கு ஒரு மரியாதை இருந்திருக்கு, பாத்தியா. வெள்ளை வானில வந்து ஆக்களைக் கடத்தினவங்களுக்கு அதுவும் இல்லை.

இப்பதான் நான் சொல்ல வந்ததுக்கு வாறன். 2011 ஆவணி ஞாபகம் இருக்கோ? நீ அப்ப அங்க போயிட்டாய், போனில கேட்டுச் சிரிச்சாய். கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசின ஆள் இரவில வந்து பெண்களைக் கீறிப்போட்டு ஓடுறான் எண்டு மலையகத்தில, கிழக்கில, புத்தளத்தில எல்லாம் கதை பரவி, இஞ்சையும் வந்தது. பிடிக்க ஓடினால் வழுக்குமாம். துரத்தினால் ஆமிக் காம்ப் பக்கம் போய் மறையுறான் எண்டு சனம் சொன்னது. நாவாந்துறையில துரத்தின சனம் ஆமியோட முட்டுப்பட, அண்டிரவே வீடு வீடாப் பூந்து அடிச்சு, நூறு ஆம்பிளையளுக்கு மேல அள்ளிக்கொண்டு போனாங்கள். பூதம் ஆர் எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை.

இதைவிட என்னடா படம் வேணும்? பங்களா வேண்டாம், கொம்பியூட்டர் வேலை வேண்டாம். பொழுதுபட்டால் கதவு பூட்டுற ஒரு ஒழுங்கை. தூரத்தில ஒரு நாய் குரைக்குது. பிறகு அதுக்கு இஞ்சாலை ஒண்டு. பிறகு பக்கத்து வளவு நாய். அந்தச் சத்தம் ஒழுங்கை ஒழுங்கையா நகர்ந்து வாறதை மட்டும் காட்டினால், சொறி, கேக்க விட்டால் காணும். பூதத்தைக் காட்டவே கூடாது. பிடிபட்டுப் போன ஆள் விடிய வீட்டுக்கு வாறதைக் காட்டலாம். இஞ்ச குறும்படம் எடுக்கிற பெடியள் கனபேர் இருக்கிறாங்கள், 2015இல இருந்து யாழ்ப்பாணத்தில சர்வதேசத் திரைப்பட விழாவும் நடக்குது. ஆனா பேய்ப்படம் எண்டவுடன வெள்ளைச் சீலையும் கொலுசுச் சத்தமும்தான் வருது. எங்கட ஊரில கொலுசுச் சத்தத்துக்கு ஆர் பயந்தது?

கமராவுக்குக் காசில்லை எண்ட சாட்டும் இனிச் செல்லாது. டேனி பொயில் '28 இயேர்ஸ் லேற்றர்' படத்தின்ர பெரும்பகுதியை ஐபோனில எடுத்திருக்கிறார். அதுக்கு முன்னமே எங்கட மதிசுதா வன்னியில பங்கர் வாழ்க்கையை ஐபோனிலதான் முழுநீளப் படமா எடுத்தவன். பொயில் ஐபோனுக்கு வெளியில என்னென்ன லென்ஸ் பூட்டினாரோ, அது வேற கதை.

விஞ்ஞானப் படத்தில 'டியூன்' ரண்டாம் பாகத்தைத்தான் சொல்லவேணும். 'கல்கி' பெரிய சாமான், ஆனா மனதில ஒண்டும் நிக்கேல்லை. 'அயலான்' சின்னப்பிள்ளையளோட இருந்து பாக்கலாம். அதை எடுத்த ரவிக்குமார் 2015இல எடுத்த 'இன்று நேற்று நாளை' நூறு மடங்கு திறம். கால இயந்திரம் கையில கிடைச்சவுடன துலைஞ்ச சாமான் கண்டுபிடிச்சுக் குடுக்கிற சாத்திரக் கடை போடுறாங்களெல்லே, அது தமிழன்ர மூளை. 'டியூன்' படத்தில அந்தப் பெரிய மணல்புழுவை விட எனக்குப் பயம் தந்தது தண்ணிதான். செத்த உடம்பில இருந்து தண்ணியை உறிஞ்சி எடுத்துச் சேமிக்கிற சனம். நாங்களும் ஆறில்லாத ஊர்க்காரர், மழைக்கு மட்டும் ஓடுற வழுக்கியாறை ஆறு எண்டு சொல்லிக்கொள்ளுறம். சுண்ணக்கல்லுக்குள்ள நிக்கிற மழைத்தண்ணிதான் எங்கட முழுச் சீவியமும். கூட இறைச்சால் உப்பு ஏறும். சுன்னாகத்தில கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதந்த காலத்தில போத்தலோட லைனில நிண்ட சனத்தை நீ பாத்திருக்க வேணும். எங்கட ஆள் ஒருத்தன் எதிர்காலப் படம் எடுக்கிறதெண்டால் பறக்கிற காரில தொடங்கத் தேவையில்லை, கப்பிக் கயித்தில தொடங்கலாம்.

சரி, கிறீஸ் பூதத்துக்கு வருவம். ஒரு காலத்தில கதை எழுதின கை உன்ர கை. உங்க ஸ்னோவுக்குள்ள வெளிய போக வழியில்லாமல் தானே இருக்கிறாய், இருபது பக்கத்துக்கு எழுதி அனுப்பு. பெடியளை நான் பிடிக்கிறன், நாவாந்துறையில கதைக்கக்கூடிய ஆக்களும் இருக்கினம். அவையிட்டக் கேட்டு, அவை சொல்லுறதைத்தான் எழுதவேணும். நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வாறாயெண்டால் வரமுன்னம் முடி. பிளாஷ்பேக் வச்சியெண்டால் வாசிக்காமலே திருப்பி அனுப்புவன்.

அன்புடன்,
உன்ர ரவி