அமுதாவுக்கு, சிங்க்கில் துளை போடும் முன்

அன்புள்ள அமுதா,

இங்கே எல்லாரும் நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நலம் என்று ஜெயா சொன்னாள். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். இப்போது அவசரமாக எழுதக் காரணம் நீ போனில் அனுப்பிய அந்தப் படம். சிங்க் வந்து இறங்கிவிட்டது, அடுத்த வாரம் பிளம்பர் வருகிறார் என்கிறாய். படத்தில் பார்த்தால் குழாய்க்கு இன்னும் துளை போடவில்லை. போட விடாதே. இதை முழுதாகப் படித்துவிட்டு, அவரிடமும் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் போடச் சொல். குழாயைப் பற்றி இவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்று கேட்பாய், தெரியும். ஹாஸ்டலில் தயிர்வடை விஷயத்திலும் இப்படித்தான் கேட்டாய், அப்புறம் என்ன ஆயிற்று என்று வார்டனுக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் சிங்க்குக்குப் பின்னால் ஜன்னல். சுவரில் குழாய் வைக்க வழியில்லை, சிங்க்கின் விளிம்பிலேயேதான் நிறுத்த வேண்டும். வந்தவர் துளை போட்டு, கழுத்து வளைந்த உயரமான குழாயை நிறுத்தி, அடியில் நட்டைத் திருகிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே கை பட்டால் ஆடியது. கேட்டதற்கு, கொஞ்சம் வெள்ளை சிமெண்ட் வைத்தால் சரியாகிவிடும் என்றார், வைத்தார். அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை அமுதா. அதன்மேல் ஓரடி உயரத்துக்குப் பித்தளை நிற்கிறது. பாத்திரம் விளக்கும்போது குக்கர் இடிக்கும், குழாயின் கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புவோம், ஒவ்வொரு தடவையும் தகடு கொஞ்சம் அமுங்கி எழும்பும். சிமெண்ட் வளையுமா? விரிசல் விட்டது. அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கி, அரிசி டின் வைத்திருந்த அலமாரியின் பிளைவுட் ஊதி, கதவு மூடாமல் போய்விட்டது. அந்த அலமாரிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சரி, சொல்ல வந்தது அப்பாவைப் பற்றி.

அம்மா போன பிறகு அவரை இங்கே அழைத்து வந்தேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? சாப்பிடுவார், பேப்பர் பார்ப்பார், படுப்பார், அவ்வளவுதான். ஹாஸ்டலுக்கு முறுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து வாட்ச்மேன் முதல் எல்லாரிடமும் கதை பேசிவிட்டுப் போன மனிதர்! கோயம்புத்தூரில் லேத் பட்டறையிலேயே வாழ்நாள் முழுக்க நின்றவர், இப்போது கை நடுங்குகிறது, ஸ்க்ரூ டிரைவரைக் கூடப் பிடிக்க முடிவதில்லை. புது சிங்க் வாங்கி வந்து கூடத்தில் வைத்த அன்று தானாக எழுந்து வந்தார். விரலால் தகட்டைத் தட்டிப் பார்த்தார். "யாரையும் கூப்பிடாதே, நான் சொல்கிறேன், நீ செய்" என்றார். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நானே போட்டேன். இன்றைக்கு அந்தக் குழாயைப் பிடித்து உலுக்கினால் மேடைதான் அசைய வேண்டும், குழாய் அசையாது. அவர் சொன்னதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

முதலில், துளை. உன் சிங்க் இன்னும் மேடையில் உட்காரவில்லை, அது பெரிய வசதி. தரையில் வைத்துத் துளை போடும் இடத்துக்கு அடியில் கெட்டியான மரக்கட்டையை முட்டுக் கொடு, இல்லாவிட்டால் தகடு குழிந்துவிடும். எந்தக் குழாய் என்று முடிவு செய்யாமல் துளை அளவைச் சொல்லாதே. அரை இஞ்ச் குழாய் என்பார்கள், ஆனால் அதன் மரையின் வெளி அளவு கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர். பச்சைத் தண்ணீர் மட்டும் வரும் ஒற்றைக் குழாய்க்கு 22 முதல் 25 மில்லிமீட்டர் துளை போதும். வெந்நீரும் கலந்து வரும் மிக்ஸர் என்றால் பெரும்பாலும் 35. சிறிதாகப் போட்டதைப் பெரிதாக்கலாம், பெரிதை என்ன செய்வாய்? இடத்தையும் நீயே குறி. குழாயின் வாயிலிருந்து விழும் தண்ணீர், வேஸ்ட் போகும் துளைக்குப் பக்கத்தில் விழ வேண்டும். பின்னால் கைப்பிடி சுவரில் முட்டாமல் திரும்ப வேண்டும், துணி வைத்துத் துடைக்க விரல் நுழைய வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஒரு குணம் உண்டாம். டிரில்லை வேகமாக ஓட்டி, பிட் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே நின்றால், அந்த இடம் சூடாகி இறுகிப்போகும். அதற்கப்புறம் பிட் மழுங்குமே தவிர உள்ளே இறங்காது. அப்பா இதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது. "மெதுவாகச் சுத்தவிடு, அழுத்திப் பிடி, எண்ணெய் காயக் கூடாது." குறி விழ, கூர்முனை உள்ள சென்டர் பஞ்ச் வைத்து ஒரு தட்டு, முதலில் சின்ன பிட், பிறகு வட்டமாக வெட்டும் ஹோல் சா. பட்டறை எண்ணெய்க்கு எங்கே போவது? தேங்காய் எண்ணெய்தான் ஊற்றினோம். துளை விழுந்ததும் ஓரத்துப் பிசிறை அரைவட்ட அரத்தால் தேய்த்து எடுத்துவிடு, கையைக் கிழித்துவிடும், ரப்பர் வாஷரையும் கிழிக்கும். சுருள் சுருளாக வந்த சீவலை ஒன்று விடாமல் துடைத்துவிடு. கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் யாரையும் டிரில் பிடிக்க விடாதே, அண்ணனையும்தான்.

அடுத்ததுதான் முக்கியம், எங்களுக்கு வந்தவர் செய்யாததும் இதுதான். தகட்டுக்கு அடியில் பட்டை கொடுக்க வேண்டும். நட்டும் வாஷரும் நேராக மெல்லிய தகட்டைக் கவ்வினால் ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம்தான் அத்தனை பாரத்தையும் தாங்குகிறது. அதே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டியான பலகை இருந்தால் பாரம் பரவிவிடும். பிளைவுட் வேண்டாம், ஈரத்தில் ஊறும். காய் நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை இருக்கிறதே, பழையதை எடுத்து, சிங்க்கின் தொட்டிக்கும் மேடை விளிம்புக்கும் நடுவில் எவ்வளவு அகலம் கொள்ளுமோ அவ்வளவுக்கு அறுத்து, அதிலும் அதே அளவுத் துளை. மேலே குழாய், அதன் அடியில் ரப்பர் வளையம், பிறகு தகடு, பலகை, வாஷர், நட், இந்த வரிசைதான். நட்டை இறுக்கும்போது குழாயும் கூடவே சுற்றும், மேலே ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரப்பர் வெளியே பிதுங்கும் வரை இறுக்கக் கூடாது. வெள்ளை சிமெண்டைக் கையில் எடுத்தால் பிளம்பரை அப்படியே காபி குடிக்க அனுப்பிவிடு.

இணைப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுவரிலிருந்து வரும் ஆங்கிள் காக்கின், அதாவது தண்ணீரைத் திறந்து மூடும் சின்ன வால்வின், மரையில் டெஃப்லான் டேப், மரை திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். கனெக்‌ஷன் பைப்பின் முனையில் ரப்பர் வாஷர் இருப்பதால் அங்கே டேப் தேவையில்லை. பைப்பை மாட்டுவதற்கு முன் ஆங்கிள் காக்கைத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் வெளியே விடு. புது லைனில் சிமெண்ட் தூளும் பைப் அறுத்த சீவலும் இருக்கும், அது நேராகப் போய்க் குழாய் வாயிலுள்ள சல்லடையில் அடைத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்துவிட்டு ராத்திரி முழுக்க விடு. காலையில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் தெரிந்துவிடும்.

சிங்க்கைக் காந்தம் வைத்துப் பார்த்து வாங்கினோம் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். ஒட்டவில்லை என்பதால் மட்டும் நல்ல ஸ்டீல் ஆகிவிடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற வகையிலும் காந்தம் பெரிதாக ஒட்டாது, விலை குறைந்த 202 வகையிலும் ஒட்டாது. 304இல் நிக்கல் எட்டு சதவீத அளவுக்கு இருக்கும், 202இல் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கிறார்கள். உங்கள் போர் தண்ணீர் உப்பு என்று நீயே புலம்புகிறாய், அதற்கு 304தான் தாங்கும். பில்லில் என்ன போட்டிருக்கிறது என்று பார். எந்த வகையானாலும் டைல்ஸ் கழுவும் ஆசிட்டை அதன்மேல் ஊற்றாதே, புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

அப்புறம் அத்தைக்கு விரல் மடங்குவதில்லை என்றாயே, அது மனதிலேயே நிற்கிறது. திருகித் திருகித் திறக்கும் குழாயை வாங்கவே வாங்காதே. கால் சுற்றில் திறக்கும், நீளக் கைப்பிடி உள்ளதாகப் பார், முழங்கையால் தள்ளினாலே திறக்க வேண்டும். அவர் இத்தனை வருஷம் அந்த வீட்டில் பாத்திரம் விளக்கியிருக்கிறார், கடையில் அவரையே திறந்து மூடிப் பார்க்கச் சொல், அழகைப் பார்த்து நீ முடிவு செய்யாதே. உங்கள் டேங்க் நேர் மேலேதான் இருக்கிறது என்பதையும் கடையில் சொல். பத்தடி உயரத்துக்கு, பார் என்ற அலகில் 0.3 அளவு அழுத்தம்தான் கிடைக்கும், அதிக அழுத்தத்துக்காகச் செய்த மிக்ஸரில் தண்ணீர் நூலாகத்தான் வரும்.

சிங்க்கின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. விளிம்பின் அகலத்தையும் டேப் வைத்து அளந்து எழுது. அப்பா காலையிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார், பலகையை எந்த வடிவத்தில் அறுக்க வேண்டும் என்று வரைந்தே தருவாராம். நடுங்குகிற கோடுதான், ஆனாலும் அளவு சரியாக இருக்கும். அவர் தரும் படத்தைப் பிளம்பரிடம் கொடு.

அத்தைக்கு என் வணக்கம். சின்னவனுக்குப் பரீட்சை எப்படிப் போனது என்று எழுது.

உன்,
மங்கை
பாளையங்கோட்டை