நம்ம படத்துப் பேயை நம்பிய எல்லோருக்கும்

படத்தொகுப்பும் மிக்ஸிங்கும் முடிந்துவிட்டன, டைட்டில் மட்டும் பாக்கி. அதில் ஒவ்வொருவர் பெயரும் இரண்டு நொடி வந்து போய்விடும். எனக்கு அது போதவில்லை, அதனால்தான் இந்த மடல்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனைவியை இழந்த ஒரு பெரியவர். இறந்துபோன மனைவி அதே வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் அவர் கண்ணுக்கு மட்டும். இருவரும் முன்பு போலவே மூச்சுமுட்டச் சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். மகளுக்கோ அப்பா காற்றோடு பேசுவது மட்டும்தான் தெரிகிறது. கதை கேட்ட பலரும் "இந்தப் பேய் எப்போ பயமுறுத்தும்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். பயமுறுத்தாது, கூடவே இருக்கும், அவ்வளவுதான் என்று நான் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்ட தயாரிப்பாளர் அண்ணனுக்கு என் முதல் நன்றி. இரண்டாம் பாதியில் ஒரு பழிவாங்கலை வைத்தால் வியாபாரம் ஆகும் என்று பேச்சு வந்தபோது, நான் வாயைத் திறப்பதற்குள் வேண்டாம் என்று சொன்னவர் அவர்.

அடுத்த நன்றிதான் பெரியது, மனைவியை இழந்து எங்களிடம் மனம்விட்டுப் பேசிய அய்யாக்களுக்கு. மருத்துவ நண்பர் ஒருவர் ஒரு கட்டுரையைக் கொடுத்தார், 1971-இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது. வேல்ஸில் துணையை இழந்த 293 பேரிடம் அவர் பேசியிருக்கிறார். கிட்டத்தட்ட பாதிப் பேர், இறந்துபோன துணை பக்கத்தில் இருப்பதை உணர்ந்திருக்கிறார்கள், அவர்களில் சிலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், சிலருக்குக் குரல் கேட்டிருக்கிறது, பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதே இல்லை. அதைப் படித்த பிறகுதான் உங்களைத் தேடி வந்தோம். நீங்களும் அப்படித்தான், முதலில் "அதெல்லாம் ஒன்றுமில்லை தம்பி" என்றீர்கள், அப்புறம் பேச ஆரம்பித்ததும் நிறுத்தவே இல்லை. கட்டிலில் இன்னமும் ஒரு ஓரமாகவே படுப்பது, விளக்கை அணைப்பதற்கு முன் "அணைக்கட்டுமா?" என்று கேட்பது, இறந்துபோன மனைவியின் கைப்பேசிக்கு மட்டும் விடாமல் ரீசார்ஜ் செய்வது. இவை எதையும் மேஜையில் உட்கார்ந்து என்னால் எழுதியிருக்க முடியாது. "அவளைத் தெய்வமாக்கிடாதீங்க, அவ கோபக்காரி, அப்படியே காட்டுங்க" என்று ஒருவர் சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காகத் திரைக்கதையில் பாதியைத் திருப்பி எழுதினோம். படத்தில் உள்ள சிரிப்பு அத்தனையும் அங்கேயிருந்துதான் வந்தது. அய்யா, மனதார நன்றி.

நாயகனாக நடித்தவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகளின் பார்வையில் வரும் ஷாட்களில் எதிரே காலி நாற்காலி மட்டும்தான். ஒவ்வொரு காட்சியையும் மனைவியோடு ஒருமுறை, மனைவி இல்லாமல் ஒருமுறை என்று எடுத்தோம். ஆள் இல்லாத டேக்கிலும் அவர் கொடுத்த லுக் ஒரு விரற்கடை கூட மாறவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்து, அப்புறம்தான் கோபப்படுவார். எடிட்டர் தம்பி அந்த மௌனங்களில் கைவைக்காமல் விட்டதால்தான் ஆள் இருக்கும் ஷாட்டிலிருந்து காலி நாற்காலிக்கு வெட்டும்போது சிரிப்பும் வருகிறது, வயிற்றைப் பிசையவும் செய்கிறது. இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், நன்றி.

மனைவியாக நடித்த அம்மாவுக்கு வெள்ளைப் புடவை கிடையாது, புகை கிடையாது, உடம்பு கண்ணாடி போலத் தெரியும் வித்தை கிடையாது. பிறகு எப்படி அவரைப் பேய் என்று காட்டுவது? வழி சொன்னவர் சவுண்ட் டிசைனர் அக்கா. அறையில் பேசுகிற யாருடைய குரலும் சுவரில் பட்டுத் திரும்பும், காது அதைக் கவனிக்காவிட்டாலும் மனம் கவனித்துவிடும். மற்ற எல்லோருக்கும் லைவ் சவுண்ட், அதாவது படப்பிடிப்பிலேயே பதிவான குரலை வைத்துக்கொண்டு, அம்மாவின் வசனத்தை மட்டும் டப்பிங்கில், மைக்குக்கு மிக அருகில், எதிரொலியே இல்லாமல் பதிவு செய்தார். அசைவுகளுக்கான சத்தங்களைத் தனியாகப் பதிவு செய்து சேர்க்கும் ஃபோலியில் அவருக்குக் காலடிச் சத்தம் போடவில்லை, புடவை உரசும் சத்தமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது, ஆனால் இந்த அம்மா இந்த அறையில் இல்லை, பெரியவரின் தலைக்குள் இருக்கிறார் என்பது புரிந்துவிடும். பல லட்சம் செலவழித்து கிராபிக்ஸில் செய்திருந்தாலும் இவ்வளவு துல்லியமாக வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். அம்மா, ஒவ்வொரு வரியையும் படப்பிடிப்பில் ஒருமுறை, டப்பிங்கில் மறுபடியும் உயிரோடு கொடுத்தீர்கள், உங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஒரே ஒரு காட்சியில் மட்டும் அவர் மங்கலாகத் தெரிய வேண்டியிருந்தது, இரவு ஜன்னல் காட்சி. கலை இயக்குநர் மேடை நாடகக்காரர்களின் பழைய உத்தி ஒன்றைச் சொன்னார். 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் டிக்கன்ஸ் கதை ஒன்றுக்காக மேடையில் பேயை வரவழைத்த அதே முறை. பெரிய கண்ணாடியைக் கேமராவுக்கு முன்னால் 45 டிகிரி சாய்த்து வைத்து, பக்கவாட்டில் மறைவாக நிற்கும் ஆள் மீது வெளிச்சத்தைக் கூட்டினால் உருவம் கண்ணாடியில் தோன்றும், குறைத்தால் கரையும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைக் கையில் பிடித்து, அம்மா மூச்சு விடுவதைப் பார்த்துப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றி இறக்கியவர் எங்கள் லைட்மேன் அண்ணன். யாரும் அவருக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்த ஷாட்டைப் பார்த்து ஒளிப்பதிவாளரைப் பாராட்டுகிறவர்களிடம் அவரே இந்த அண்ணனைப் பற்றித்தான் சொல்கிறார், அதற்காக ஒளிப்பதிவாளருக்குத் தனியாக ஒரு நன்றி.

வீட்டைக் கொடுத்த குடும்பத்துக்கும், லைவ் சவுண்டுக்காக மோட்டார் போடாமல் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீடுகளுக்கும், எந்த டேக்கில் மூக்குக்கண்ணாடி எந்தக் கையில் இருந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சரியாகச் சொல்லும் உதவி இயக்குநர் பிள்ளைகளுக்கும் நன்றி.

முதல் திரையிடலுக்கு அந்த அய்யாக்களைத்தான் அழைத்தோம். காலி நாற்காலிக் காட்சியில் யூனிட்காரர்கள் நாங்கள் சிரிக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருக்க, அவர்கள்தான் முதலில் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார்கள். உடம்பு முடியாமல் வர இயலாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து போட்டுக் காட்டுகிறோம், நேரம் மட்டும் சொல்லுங்கள். உங்களில் சிலர் டைட்டிலில் பெயர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள், அப்படியே செய்கிறோம். மனம் மாறினால், அல்லது உங்கள் பெயருக்குப் பதில் உங்கள் மனைவி பெயரைப் போடலாம் என்று தோன்றினால், தயங்காமல் என்னைக் கூப்பிடுங்கள். டைட்டில் கார்டை இன்னும் முடிக்கவில்லை, இடம் வைத்திருக்கிறோம்.